தண்ணி ஏறுது

இந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அண்ணன் வீட்டு அலமாரியை நான் தூக்கப் போவதில்லை என்று வியாழக்கிழமையே முடிவு செய்துவிட்டேன். அசைக்க முடியாத முடிவு. அலமாரியும் அசைக்க முடியாததுதான். தேக்கு, மூன்று கதவு, நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. மைத்துனர் புது வீட்டுக்குக் குடிபோகிறார். மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, அலமாரி அதற்குள் போகாது. நான் போவேன், ஆனால் என்னை யாரும் லிஃப்டில் அனுப்புவதாக இல்லை.

அதே ஞாயிறுதான் எங்கள் படகுக்காரர்கள் குழு தீவுக்குப் போகிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். போன வருஷம் என் இன்ஜின் மக்கர் செய்தது. அதற்கு முந்தின வருஷம் மாமியார் வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் இன்ஜின் தயார், பெட்ரோல் தயார், தொப்பிகூடத் தயார். ஆள் மட்டும் அலமாரிக்கு ஒதுக்கப்பட்டிருந்தேன்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். நாளெல்லாம் இருட்டறையில் நின்றுகொண்டு, இது தெளிவா, அது தெளிவா என்று ஊராரைக் கேட்கிற பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கால் ஒரு இடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்கணும், எழுந்தால் எங்காவது போகணும். படகில் ஏறினால் மட்டும் அந்தப் பரபரப்பு அடங்கும். அதனால்தான் அந்தப் பழைய படகை வாங்கினேன். அதனால்தான் அது துறையிலேயே கட்டிக் கிடக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிறவள். நாற்பத்தெட்டு ஆசிரியர்கள் லீவுக்குச் சொல்லும் காரணங்களை இருபது வருஷமாகக் கேட்டு வருகிறவள். ஒரே மாமனாரை மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆளையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். வாய்ப்பேச்சு அவளிடம் செல்லாது. எதுவாக இருந்தாலும் எழுத்தில் வேண்டும்.

அதனால் எழுத்திலேயே கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

இங்கே எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் கூடிய கூட்டம்தான். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் 'தண்ணி ஏறுது' என்று இரண்டு வார்த்தை எழுதி, படகின் பெயரையும் போட்டுவிட்டால் போதும். பார்த்தவர் எல்லாம் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். ஏன், எப்படி என்று கேள்வி கிடையாது. வந்தவருக்கு நன்றி சொல்லக் கூடாது, அடுத்த அழைப்புக்கு நாம் போக வேண்டும், அவ்வளவுதான். பொய்யாக அந்த வார்த்தையைப் போட்டவன் அன்றோடு குழுவை விட்டு வெளியே. இதுவரை அப்படி யாரும் போட்டதில்லை.

நானும் குழுவில் போடச் சொல்லவில்லை. குழுவில் எனக்கு நெருங்கிய கூட்டாளி, பேக்கரி வைத்திருப்பவன். இரண்டு முறை படகு கவிழ்ந்து இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே மிதந்து வந்ததால் அவனுக்குத் தக்கை என்று பெயர். ஞாயிறு காலை எட்டரைக்கு எனக்கு மட்டும் அந்த இரண்டு வார்த்தையை அனுப்பு என்று தக்கையிடம் சொன்னேன். மனைவியிடம் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒன்பதரைக்கு எல்லாரோடும் தீவுக்கு. யாருக்கும் நஷ்டமில்லை.

ஞாயிறு காலை எட்டரை. போன் அடித்தது. ஒரு தடவை அடித்தால் சரி. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷப் பழக்கம் தக்கையின் விரலைக் கெடுத்திருந்தது. அந்த இரண்டு வார்த்தையை அவன் குழுவைத் தவிர வேறெங்கும் எழுதியதே இல்லை. என் படகின் பெயரோடு குழுவிலேயே போட்டுவிட்டான். கீழே வரிசையாக, வர்றேன், கிளம்பிட்டேன், பம்ப் எடுத்துட்டு வர்றேன். முன்கூட்டியே தீவுக்குப் புறப்பட்டிருந்த இரண்டு படகுகள் பாதி வழியில் திரும்பிவிட்டன. குழுவை நடத்துகிற பல்டாக்டர், தலையில் ஷாம்பு இருக்கு, அப்படியே வர்றேன் என்று எழுதியிருந்தார்.

என் தோளுக்கு மேலே நின்று மனைவி எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பேரா வர்றாங்க?" என்றாள். குரலே இளகியிருந்தது. "இருங்க, நானும் வர்றேன்."

"நீ எதுக்கும்மா? அண்ணன் வீட்டுக்கு..."

"அண்ணன்கிட்ட சொல்லிக்கறேன். படகு முழுகும்போது அலமாரியா முக்கியம்?"

அவள் புடவை மாற்றப் போன நேரத்தில் நான் பாத்ரூமுக்குள் புகுந்து குழாயைத் திறந்துவிட்டுத் தக்கைக்குப் போன் போட்டேன். அவன் துறையில்தான் இருந்தான். படகு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்கிறது, இன்னும் பத்து நிமிஷத்தில் இருபத்து மூன்று பேர் பம்போடு வருகிறார்கள், என்ன செய்வது என்று அழாக்குறையாகக் கேட்டான்.

"அடைப்பைக் கழட்டு. ரெண்டு பக்கெட் தண்ணி உள்ள விடு. உடனே மூடிடு," என்றேன்.

படகின் பின்பக்கம் அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஓட்டை இருக்கும். கரையேற்றும்போது உள்ளே தேங்கிய தண்ணீரை வடிப்பதற்கு. பித்தளை அடைப்பு ஒன்று அதை மூடியிருக்கும். அதைப் போட மறந்து படகைத் தண்ணீரில் இறக்காத ஆள் எங்கள் குழுவில் கிடையாது. தெரிந்தே கழட்டியவர்கள் நாங்கள் இருவர்தான்.

துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் இன்ஜினோடு தண்ணீருக்குள். தக்கை கழட்டிய வேகத்தில் முதல் ஆள் வந்துவிட்டாராம். பயத்தில் அடைப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஐயோ முழுகுது என்று கத்தியிருக்கிறான். அப்புறம் எல்லார் கண்ணெதிரே அதை எப்படி எடுத்து மாட்டுவது? தக்கை பக்கத்தில் நிற்கும்போதே என் படகு ஓட்டையால் முழுகிக்கொண்டிருந்தது.

நான் பொய் சொன்னவன். அவர்கள் நிஜமாக உழைத்தார்கள். பல்டாக்டர் நெற்றியில் நுரை வழிய இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளி வாளியாக மொண்டு ஊற்றினார். நான் முகமே பார்த்திராத ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு இழுத்தார். ஒருவர் முகத்திலும் அலுப்பு இல்லை, தீவு போச்சே என்ற வருத்தம்கூட இல்லை. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. படகுக்காக அழுகிறேன் என்று நினைத்து நாலு பேர் முதுகைத் தட்டினார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அடைப்பைக் காணோமே என்று டாக்டர் தேடினார். பிறகு, தினமும் ஓட்டை அடைக்கிறதுதானே நம்ம தொழில் என்று துணியைச் சுருட்டி அழகாக அடைத்தார்.

அப்போதுதான் மனைவி தக்கையின் பக்கத்தில் போனாள். நனைந்து ஒட்டிய சட்டைப் பையைப் பார்த்தாள்.

"அண்ணா, பையில ஏதோ கனமா தொங்குதே. தண்ணில விழுந்துடப் போகுது. குடுங்க, நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

தக்கை கொடுத்துவிட்டான். வேறென்ன செய்வான். அவள் அதைக் கையில் புரட்டிப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழு எனக்கு இல்லை.

அவள் சொல்லவில்லை. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். ரொம்ப நன்றி டாக்டர் என்று ஆரம்பித்தாள். டாக்டர் பதறிப்போய், இங்கே நன்றி சொல்லக் கூடாது, அடுத்தவர் கூப்பிட்டால் வந்தால் போதும் என்று விதியை விளக்கினார்.

"அந்த விதி வீட்டு ஆளுங்களுக்கும் உண்டா?"

"படகுக்காரர் வீட்டம்மான்னா நீங்களும் குழுதாம்மா."

"அப்படின்னா எனக்கும் ஒண்ணு ஏறணும் டாக்டர். தண்ணி இல்ல, அலமாரி. மூணாவது மாடிக்கு."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. போஸ்ட்மேன் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். எத்தனை அடி உயரம், எத்தனை படி, திருப்பம் எந்தப் பக்கம் என்று இருபத்து மூன்று பேரும் கேட்டார்கள். அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நானும் கிளம்பினேன். செய்த பாவத்துக்கு அலமாரியையாவது தூக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

"நீங்க எங்க வர்றீங்க? துணி பிடுங்கிக்கிட்டா மறுபடி முழுகிடும். இங்கயே இருந்து பம்ப் அடிங்க," என்றாள்.

அடித்தேன். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். அலமாரி ஏறிவிட்டது, கட்டில் ஏறிவிட்டது, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஒரு நாள் பூராவும் பிடிக்கும் என்று நினைத்திருந்த வேலை முடிந்துவிட்ட சந்தோஷத்தில் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். மணி பதினொன்றரைதான், தீவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் படகு ஓடாவிட்டால் என்ன, இத்தனை படகு இருக்கிறதே. டாக்டரும் அதையே சொன்னார். நம்ம படகுல இடம் இருக்கு, ஏறுங்க என்றார். நான் ஒரு காலைத் தூக்கி வைத்தும்விட்டேன்.

"வேண்டாம் டாக்டர்," என்றாள் மனைவி. "அவருக்குப் படகுன்னா உயிரு. காலைல எப்படிப் பதறிப்போய் ஓடி வந்தார்னு நான் பார்த்தேனே. இந்த நிலைமைல அதை விட்டுட்டு வர அவருக்கு மனசே வராது. இல்லைங்க?"

கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா டாக்டர்," என்றேன். "மனசு வராது."

டாக்டரின் கண் கலங்கிவிட்டது. படகுக்காரன்னா இப்படி இருக்கணும் என்று எல்லாரிடமும் சொன்னார். தக்கை என் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினைக் கிளப்பினான். அவன் படகில் முன்னால் என் மனைவி, பின்னால் மைத்துனர் குடும்பம். என் தொப்பி மைத்துனர் தலையில். புள்ளியாகி மறைகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

துறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், பம்ப் அடித்தேன். பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. குழுவில் புது உறுப்பினர் சேர்ந்திருக்கிறார். என் மனைவி. இரண்டு மணிக்கு மறுபடி. நிர்வாகப் பொறுப்பை டாக்டர் மகிழ்ச்சியோடு அவளிடம் ஒப்படைத்திருக்கிறார். யார் எந்த உதவிக்குப் போவது என்று குழப்பமே இல்லாமல் செய்ய, இப்படி ஒருத்தர் இல்லையே என்று இத்தனை வருஷமாக ஏங்கினாராம்.

மூன்று மணிக்கு டைம்டேபிள் வந்தது. நல்ல சுத்தமான கட்டங்கள். இனி மாதத்துக்கு ஒரு தடவை தீவு. வாசித்துக்கொண்டே கீழே வந்தேன். போவோர் பட்டியலில் அவள், அவள் அண்ணன், தக்கை, டாக்டர், போஸ்ட்மேன், கடைசியில் என் படகுகூட இருந்தது.

என் பெயர் அடிக்குறிப்பில் இருந்தது: 'கரைக் காவல், நிரந்தரம்.'