பென்சிலில் எழுதிய பெயர்

இரண்டாம் டிவிஷன், மேல் லயம்,
ஏழாம் நம்பர் வீடு,
வண்டிப்பெரியார் வழி.
ஆகஸ்ட் 29.

மரியே வாழ்க!

பாலக்காட்டில் தன்னம்பிக்கை வகுப்பு நடத்திவரும் என் மரியாதைக்குரிய மருமகன் ஜோமோன் அவர்களுக்கு, மாமனார் செபாஸ்டின் ஆண்டவர் பெயரால் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அப்படி எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். இன்று எழுதிவிட்டேன், நலம். அங்கே உங்கள் நலத்தையும் உங்கள் வகுப்புக்கு வரும் சோம்பேறிகள் நலத்தையும் அறிய ஆவல். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "சூப்பர் மாமா, விடாதீங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். இது சூப்பர் என்று சொல்லி வைக்கிற விஷயம் இல்லை.

போன மாதம் நீங்கள் அனுப்பிய நோட்டு வந்து சேர்ந்தது. இருபத்தொரு நாளில் சோம்பலை வெல்லுங்கள் என்று அட்டை, உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நீங்கள், நாளுக்கு ஒரு கட்டம், செய்த வேலைக்கு டிக். சோனா சொல்லித்தான் அனுப்பினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் கூப்பிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்பா, விரல் வச்சீங்களா?" பென்சன் வாங்குகிறவன் வருடத்துக்கு ஒரு தடவை அக்ஷயா மையத்துக்குப் போய், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று மிஷினில் விரல் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சர்க்கார் பட்டியலில் நான் செத்தவன். அவசான தேதி, அதாவது கடைசி நாள், ஆகஸ்ட் முப்பத்தொன்று. இந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம், விரல் வைக்க ஒரு நிமிடம். ஏப்ரல் மாதத்திலிருந்து நான் நாளைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரே வருடத்தில் அம்மாவும் இல்லை, பட்டியலில் அப்பாவும் இல்லை என்றால் அந்தப் பிள்ளை தாங்காது என்று எனக்கும் புரிகிறது. புரிகிறது, ஆனால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை.

பெரிய வேலையைச் சின்னத் துண்டுகளாக வெட்டச் சொல்லி நீங்கள் ஒரு வீடியோவில் சொன்னதையும் செய்து பார்த்தேன். அக்ஷயாவுக்குப் போவதைப் பதினோரு துண்டாக வெட்டினேன். செருப்பைத் தேடுவது ஒன்று, ஆதார் கார்டைத் தேடுவது ரெண்டு, சட்டைக்குப் பட்டன் தைப்பது மூன்று. மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிட்டன. அந்தச் சந்தோஷத்தில் படுத்தவன் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன்.

என் சோம்பலுக்கு ஒரு காரணம் உண்டு, அதை நீங்கள் சிரிக்காமல் படிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் இந்தத் தேயிலை எஸ்டேட் பேக்டரியில் காலைச் சங்கு ஊதியவன் நான். ஆறு மணிக்கு நான் சுவிட்சைப் போட்டால் மூன்று டிவிஷனும் எழுந்து அடுப்புப் பற்ற வைக்கும், ஆறரைக்கு ரெண்டாம் சங்கு ஊதினால் மஸ்டர் ஆபீஸ் முற்றத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்கும். எஸ்டேட்டை நான் எழுப்பினேன், என்னை உங்கள் அத்தை இருதயம்மாள் எழுப்பினாள். ஐந்து மணிக்குப் பாலில்லாத கட்டஞ்சாயாவை மூக்குக்கு நேரே நீட்டுவாள், அதற்கும் அசையாவிட்டால் கம்பளியை உருவுவாள். ஒரு நாள்கூட நானாக எழுந்ததில்லை. எஸ்டேட் பூட்டிய பிறகு சங்கு நின்றது. போன அக்டோபரில் அவளும் போய்ச் சேர்ந்தாள். யாரும் எழுப்பாத வீட்டில் எதற்காக எழ வேண்டும், சொல்லுங்கள். சங்கு அறைச் சாவி மட்டும் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. கேட்பாரும் இல்லை, கொடுக்க நானும் போகவில்லை.

ஆகஸ்ட் ஏழாம் தேதி ராத்திரி நோட்டில் முதல் கட்டத்தில் 'ஆறு மணிக்கு எழுவது' என்று எழுதிவிட்டுப் படுத்தேன். காலையில் சங்கு ஊதியது. மாப்பிள்ளை, நான் யோசிக்கவே இல்லை, கால் தானாகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டது. வாசலில் வந்து நின்ற பிறகுதான், சங்கு நின்றுபோய் வருடக்கணக்காகிறதே என்று உறைத்தது. வெளியே ஒரே மஞ்சு மூட்டம், எதிர் லயம்கூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சந்தனம் பல் துலக்கிக்கொண்டிருந்தான். "சங்கு கேட்டுச்சாப்பா?" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எந்தச் சங்குண்ணே? அந்த மோட்டாரைப் பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயி அஞ்சு வருசமாச்சு. காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டீகளா?" என்றான். ஆனால் அவனுடைய நாய் காதை விறைத்துக்கொண்டு பேக்டரிப் பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் வீட்டுக்குள் வந்து நோட்டில் டிக் போட்டேன். எழுந்தது எழுந்ததுதானே.

மறுநாளும் ஊதியது, அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் ஆண்டவர் படத்துக்கு முன்னால் சிலுவை போட நின்றபோது தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கூரைதான் ஒழுகுகிறது, தகரத்தை நாளைக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். கூரை காய்ந்திருந்தது. ஆணியில் தொங்கிய சாவி மஞ்சில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டபடி இருக்கிறது, வீட்டில் நான் ஒருத்தன்தான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வாரம் வீடு கூட்டினேன், துணி துவைத்தேன், ஏழு கட்டத்திலும் டிக் விழுந்தது. நீங்கள் போனில் "பார்த்தீங்களா மாமா, மனசு வச்சா முடியும்" என்றீர்கள். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

எட்டாம் நாள் ரெண்டாம் சங்கும் ஊதியது. மஸ்டர் ஆபீசுக்குப் போகக் கூடாது என்று மனசு சொன்னது, கால் கேட்கவில்லை. முற்றத்தில் மஞ்சுக்குள்ளே ஆட்கள் வரிசையாக நின்றார்கள். இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை, கையில் கவாத்துக் கத்தி. பேச்சுச் சத்தமே இல்லை. யாரடா இவ்வளவு பேர், எஸ்டேட்டைத் திறந்துவிட்டார்களா என்று கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகம். எல்லாருமே நான் போய் மாலை போட்டு மண் அள்ளிப் போட்டவர்கள். ரெண்டு பேர் சாவுத் துட்டிக்கு மட்டும் நாளைக்குப் போகலாம் என்று இருந்து, போகாமலே விட்டிருந்தேன். அந்த ரெண்டு பேரும் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முன்னால் நின்று பேர் வாசித்தது ராஜசேகர் சூப்பர்வைசர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போனவர், அதே நூல் கட்டிய கண்ணாடி, அதே சிடுசிடுப்பு. ஒவ்வொரு பேராகக் கூப்பிட, "வந்தேன்", "வந்தேன்" என்று பதில் வருகிறது. கடைசியில் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஏப்பா செபாஸ்டின், உன் பேரு பென்சில்ல கெடக்கு. அங்க சர்க்காரு பட்டியல்லயும் நீ இன்னும் ஏறல, இங்கயும் நீ வாயத் தொறக்கல. ஏதாவது ஒரு பக்கம் சொல்லித் தொலை. முப்பத்தொண்ணாம் தேதி நான் பேனாவ எடுத்துருவேன், பாத்துக்க" என்றார். உயிரோடு இருந்தபோதும் இந்த மனுசன் இப்படித்தான், ஒரு நாள் லேட் என்றால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். நான் வாயை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

அதன் பிறகு தினமும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை என்பது ஒன்று. இன்னொன்று, பத்தாம் நாள் கடைசி வரிசையில் இருதயம்மாளைப் பார்த்துவிட்டேன். நாம் உடுத்தி அனுப்பிய அதே நீலச் சேலை, தலையில் துண்டு. பதினைந்தாம் நாள் வரைக்கும் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் வரிசை கலையும்போது கிட்டே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டினாள். "தாடியப் பாரு, காட்டுப்பன்னி கணக்கா. சங்கு ஊதுறது யாருன்னு நெனச்சீங்க? நாந்தான். மோட்டாரு இல்லாம ஊதுறது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா? உங்கள எழுப்ப எனக்கு வேற வழி? போங்க, போயி விரல வச்சிட்டு வாங்க. வச்சிட்டீங்கன்னா சூப்பர்வைசரு பேர அழிச்சிருவாரு" என்றாள். அவள் பேச்சில் சாயா வாசனை அடித்தது. நான் நடு முற்றத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதேன், மாப்பிள்ளை. அதற்கு வெட்கப்படவில்லை.

ஆகவே நேற்று, இருபத்தோராம் நாள், சவரம் செய்து, பட்டன் தைத்த சட்டையைப் போட்டு, எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து அக்ஷயாவுக்குப் போனேன். டோக்கன் பதினான்கு. விரல் வைத்தேன், பச்சை விளக்கு எரிந்தது, அங்கே இருந்த பெண் "கழிஞ்ஞு அச்சாயா", வேலை முடிந்தது என்று சிரித்தாள். இன்று காலை சங்கு ஊதவில்லை. எட்டு மணி வரை நிம்மதியாகத் தூங்கினேன். எல்லாம் உங்கள் நோட்டின் மகிமை. சோனாவிடம் சொல்லுங்கள், அப்பா பட்டியலில் பத்திரமாக இருக்கிறார். உங்கள் வகுப்பு பெருகவும், என் மகள் வயிறு நிறைந்து மனம் குளிர்ந்து இருக்கவும், வேளாங்கண்ணி மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கவும் மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
சோம்பலை வென்ற மாமனார்,
செபாஸ்டின்.

பின்குறிப்பு. ஆகஸ்ட் 31, காலை. கடிதத்தை அன்றைக்கே பெட்டியில் போட்டிருந்தால் நீங்கள் பொய்யைத்தான் படித்திருப்பீர்கள். நாளைக்குப் போடலாம் என்று வைத்ததால் உண்மைக்கு இடம் கிடைத்தது. நான் விரல் வைக்கவில்லை. பஸ் ஏறியது நிஜம், டோக்கன் பதினான்கு நிஜம். பதினான்கு, பதினான்கு என்று அந்தப் பெண் மூன்று தடவை கூப்பிட்டாள், நான் காது கேட்காதவன் மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சங்கும் நிற்கவில்லை.

பதினாறாம் நாள் அவள் பேசியதில் பாதியைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். பேரை அழித்துவிட்டால் சங்கு கேட்குமா என்று கேட்டேன். "கேக்காது" என்றாள். அப்போ உன்னை எங்கே பார்ப்பது என்றேன். "அதான் போட்டோ இருக்குல்ல. அதுக்கும் இன்னும் கண்ணாடி போடாமத்தான வச்சிருக்கீங்க" என்றாள். இதைக் கேட்ட பிறகு எந்த மனுசனுக்கு விரல் நீளும்?

இன்றைக்குத்தான் கடைசி நாள். முற்றத்தில் ராஜசேகர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார். "செபாஸ்டின்!" எல்லாரும் திரும்பினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்ட ரெண்டு பேரும்கூட. வந்தேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடைசி வரிசையில் அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். எனக்கு அவளும் வேண்டும், சோனாவும் வேண்டும். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "நாளைக்குச் சொல்றேன் சார்." அந்த மனுசன் பேனாவை மூடிவிட்டார். இருதயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வரும் வழியில் சந்தனம், "அண்ணே, விரல் வைக்கிற தேதிய ஒரு மாசம் நீட்டிட்டாகளாம்" என்றான். சர்க்காரும் என்னை மாதிரிதான் போல.

அதனால் மாப்பிள்ளை, அடுத்த நோட்டு அனுப்ப வேண்டாம், வீடியோவும் வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், என் சோம்பலை மட்டும் திருத்திவிடாதீர்கள். திருந்தினால் நான் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போயாக வேண்டும். சோனாவுக்கு இதைப் படித்துக் காட்டாதீர்கள், அப்பா விரல் வைத்துவிட்டார் என்றே இருக்கட்டும். கடிதத்தை நாளைக்குக் காலையில் பெட்டியில் போட்டுவிடுகிறேன். எப்படியும் அவள் எழுப்பிவிடுவாள்.