ஈர்க்கு அண்ணனும் நாலு பிக்சலும்

உலகத்திலேயே இணையப் பக்கத்தை விளக்குமாற்று ஈர்க்கால் அளந்த ஒரே மனிதர் எங்கள் ஈர்க்கு அண்ணன்தான். வேறொருவர் உண்டென்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

புளியந்தீவில் ஒரு தையல் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கல்யாண அழைப்பு, மரண அறிவித்தல், எதற்கும் இணையப் பக்கம் செய்து கொடுப்போம். அண்ணனின் சட்டைப்பையில் பேனை இராது. நகத்தால் கோடு கீறிய ஈர்க்கு இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து பிரவுசரில் திறந்து, திரையில் ஈர்க்கை வைத்து, இடைவெளி எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"அளக்கிறதுக்குப் பிரவுசருக்குள்ளேயே கருவி இரிக்கே அண்ணே?"

"தன்ட பிழையத் தானே சொல்லுமா கா?"

வாசலில் கிடக்கும் எங்கள் செருப்புகளையும் சம இடைவெளியில் அடுக்கி வைப்பார். அவசரமாக இறங்கும் நாட்களில் ஆளுக்காள் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவோம்.

ஒருநாள் தன்னாமுனையில் ஓர் அம்மா காலமாகிவிட்டார். பின்நேரம் மூன்று மணிக்கு அடக்கம். ஒரே மகள் அவுஸ்திரேலியாவில் நிறைமாதக் கர்ப்பிணி, வர வழியில்லை. மரண அறிவித்தல் பக்கத்தில், முன்பே போய்ச் சேர்ந்த அப்பாவின் படத்தோடு அம்மாவின் படத்தை ஒட்டி வைக்கச் சொன்னாள். நான் அவசரப்படுத்தியதில் அண்ணன் முதன்முறையாக ஒரே பிரவுசரில் மட்டும் பார்த்துப் பக்கத்தை வெளியிட்டார்.

ஒரு மணிக்கு அவள் அழைத்தாள்.

"அம்மா ஏன் கீழ தனியா இரிக்கா? கடைசியா முகம் பாக்கவும் குடுத்து வைக்கல்ல. இதிலயும் அவவப் பிரிச்சுப் போட்டீங்களே அண்ணா!"

அவளுடைய பிரவுசரில் திறந்து பார்த்தோம். உண்மைதான். படங்களுக்கு நடுவே எங்கிருந்தோ முளைத்த சின்ன இடைவெளி, இடம் போதாமல் அம்மாவை அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தது.

"நாலு பிக்சல் உள்ளுக்கு இழுத்து விடுவம் அண்ணே," என்றேன்.

"இந்தப் பிரவுசரில இழுத்தா மற்றதில அவவிட தோள் அவர்ர முகத்தில ஏறும். கைய எடு!"

அண்ணன் சாப்பாட்டுப் பார்சலைத் தொடவில்லை. ஓரங்களைப் பூச்சியமாக்கினார், அகலத்தை மாற்றினார், ஈர்க்கைக் கடித்தே பாதியாக்கினார். இரண்டரை மணிக்குத் தலையில் கைவைத்தார்.

"நான்தான் கா! கோட் வாசிக்க வடிவா இரிக்கட்டும் எண்டு ரெண்டு படத்துக்கும் நடுவில நான் தட்டின ஒரு என்டர்!"

வரி மாற்றத் தட்டிய அந்த என்டரைப் பிரவுசர்கள் வெற்றிடமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஓர் அளவில் இடம் விட்டிருந்தன. அண்ணன் அதை அழித்தார். ஐந்து பிரவுசரிலும் பார்த்துவிட்டு அவளை அழைத்தார்.

"இப்ப பாருங்க மனே."

அவள் பக்கத்தை மறுபடி திறந்தாள்.

"ஓம் அண்ணா. ஒட்டித்தான் இரிக்காங்க."

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

நான் அந்த அலுவலகத்தை விட்டு வந்து வருடங்களாகின்றன. எந்தப் பிரவுசர் புதுப்பிக்கப்பட்டாலும் அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு படம் வரும்: அதே பக்கம், அதே இரண்டு முகங்கள், திரைமேல் ஓர் ஈர்க்கு. கீழே ஒரு வரி எழுதியிருப்பார்: "ரெண்டு பேரும் சுகமா இரிக்காங்க."

"நீங்க சுகமா அண்ணே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். அதற்கு மட்டும் இதுவரை பதில் வந்ததில்லை; ஆனாலும் கேட்காமல் இருக்க எனக்கு மனம் வராது.