கருந்துளைக்குப் பெண் பார்த்த கதை

ஓசூரில் பஸ்ஸின் வேகத்தை ரசித்தவர்கள் பலர். வேகம் கூடும் அந்தக் கணத்தை மட்டும் ரசித்தவர், நாங்கள் 'கருந்துளை' என்று பட்டப்பெயர் வைத்திருந்த நண்பர் ஒருவர்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பெங்களூரில் இயற்பியல் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு, எங்கள் பல்சக்கரக் கம்பெனியின் தரப் பிரிவில் சேர்ந்திருந்தார். மத்திகிரியில் எனக்கு அறைத்தோழர். ஒருநாள் கம்பெனி பஸ் சீறிக் கிளம்பியதும், "ஆஹா, இப்ப சூடு!" என்று கத்தினார்.

டிரைவர் பசப்பா பதறினார். "ஏனு சார், இன்ஜினா?"

"இன்ஜின் இல்ல பசப்பா, ஒண்ணுமே இல்லாத இடத்தோட சூடு!"

பசப்பா பஸ்ஸை ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்துவிட்டார். அன்று ஷிப்ட் மொத்தமும் லேட்.

அப்படிப்பட்டவருக்குக் கிருஷ்ணகிரியில் பெண் பார்க்க நான்தான் துணை. வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லியிருந்தேன். பெண்ணின் அப்பா கேட்டார்: "படிப்ப ஏன் தம்பி பாதியில விட்டீங்க?"

திறந்துவிட்டார்.

"காலியான வெளியில சும்மா இருக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வேகத்தைக் கூட்டிக்கிட்டே போறவனுக்கு மட்டும் லேசா சூடு தெரியும். கருந்துளைகிட்ட விழாம எதிர்த்து நிக்கறவனுக்கும் அதே மாதிரி சூடு. கணக்கும் ஒண்ணாத்தான் வருது."

அப்பா கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சரான பெண், கலைவாணி, நிமிர்ந்தாள்.

"ரெண்டும் ஒண்ணேதானா? இல்ல, ஒண்ணு மாதிரியா?"

நண்பரின் முகம் மாறிவிட்டது. "கருந்துளையோட சூடு தூரத்துல சும்மா இருக்கறவனுக்கும் வந்து சேரும். அதுல கருந்துளையே கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். வேகத்தைக் கூட்டறவனுக்குத் தெரியற சூட்டுல கரையறதுக்கு யாருமே இல்ல. இந்த வித்தியாசத்துலதான் மாட்டிக்கிட்டேன். நமக்கு மூளை இவ்வளவுதான்னு பயந்து ஓடி வந்துட்டேங்க."

இதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

"வந்தப்புறம் யோசிக்கறத நிறுத்திட்டீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எங்க விட்டீங்க?"

அப்பா என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, அந்தத் துளை நம்ம பக்கமா இருக்குது?"

"ரொம்ப தூரம் சார்."

"அப்ப சரி. எம்பொண்ணு இதுவரைக்கும் எந்த மாப்பிள்ளைகிட்டயும் கேள்வி கேட்டதில்ல."

கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு ஆராய்ச்சிக்கே திரும்பினார். கலைவாணியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. சில வருடங்களில் டாக்டர் பட்டமும் வந்தது. இப்போதும் அவர்கள் வீட்டுக்குப் போனால் சாப்பாடு ஆறும்வரை இருவரும் அதையேதான் விவாதிக்கிறார்கள். எனக்கு ஒரு வரிகூடப் புரிவதில்லை. ஆனாலும் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்துவர மனசே வருவதில்லை.