பூநகரிக் கோட்டையைப் பிடித்த மாமா

கோட்டை காட்டும் மாமா என்றோர் இனம் நம்மிடையே உண்டு. அவர்களிடம் தப்பியவர் எவருமில்லை. பூநகரிக் கோட்டையைப் போர்த்துக்கீசப் பறங்கியர் கட்டினார்கள், டச்சுக்கார ஒல்லாந்தர் திருத்தினார்கள். இன்று மிஞ்சியிருப்பவை இடிந்த சுவர்களும் பற்றைச் செடிகளும் ஆட்டுப் புழுக்கையுந்தான். நீங்களும் நானும் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, சோடா குடிக்கப் போய்விடுவோம். மாமா விடுவாரா? கல்லுக்கொரு கதை, கதைக்குள் ஒரு சுரங்கம், சுரங்கத்துக்குள் ஒரு குதிரை, குதிரையின் மேல் கட்டாயம் அவருடைய பூட்டன்.

வட்டக்கச்சி வீரகத்தி மாமாவைத்தான் சொல்கிறேன். அவருடைய தங்கை மகள் கஜேந்தினியைப் பெண் பார்க்க நெடுங்கேணியிலிருந்து வந்தவர்களை அழைத்துவரும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். கொடுத்தவர்களை என்ன செய்யலாம்? ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பிய பிள்ளை. இராகு காலத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் படலை தாண்ட வேண்டும். மாமாவோ அவர்கள் வந்த வான் வண்டியை வட்டக்கச்சிக்குத் திருப்பாமல் நேரே பூநகரிக்கு விடச் சொன்னார்.

“ஒருக்கா எட்டிப் பார்த்திட்டுப் போவம். இஞ்ச பாருங்கோ, இதால சுரங்கம் யாழ்ப்பாணம் மட்டும் போகுது. எங்கட பூட்டனார் குதிரையில போனவர்.”

“திரும்பி வந்தவரோ?” என்று கேட்டான் மாப்பிள்ளை பிரசாந்தன்.

மாமாவுக்குக் கேள்விகள் கேட்பதில்லை. கைபேசி மட்டும் கேட்டது. சேலை கட்டிக் காத்திருந்த கஜேந்தினி அழாக்குறையாக, “மாமா, எங்க நிக்கிறியள்?” என்றாள்.

“பறங்கியின்ர காலத்தில பிள்ளை. ஒல்லாந்தன் இன்னும் வரேல்ல.”

மாப்பிள்ளையின் தகப்பன் பொன்னையா தொண்டையைச் செருமினார்.

“பிழை. இந்தக் கோட்டையைப் பிடிச்சது எங்கட ஆக்கள்.”

ஐயோ! இவரும் அதே இனம். இருவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். எந்த வாசலால் எந்தப் பூட்டன் புகுந்தான் என்று விரலை நீட்டி, குரலை உயர்த்தி, சம்பந்தமே முறியும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய் பத்மாசனி மகனையும் கூட்டிக்கொண்டு பலகாரத் தட்டோடு வானில் ஏறினார்.

“ரெண்டு பேரும் ஒல்லாந்தனைக் கலைச்சுப்போட்டு ஆறுதலா வரட்டும். நீங்கள் வானை எடுங்கோ டிரைவர் தம்பி.”

நல்ல நேரத்துக்குள் பெண்ணைப் பார்த்து, பிடித்து, கலியாணத்துக்கு மாதமும் குறித்துவிட்டார்கள். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கோட்டையைப் பிடித்த இருவரும் பொழுதுபட பஸ்ஸில் வந்திறங்கினார்கள், இன்னும் கதைத்தபடி.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைத்தான். ஆனாலும், அடுத்த முறை ஏதாவதொரு பழைய சுவருக்குக் கையை நீட்டி விளக்கத் தொடங்கும்போது ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். வான் நிற்கிறதா?