எல்வின் அண்ணனுக்கு ஒரு கோல்

ஏற்காடு,
செவ்வாய்க்கிழமை காலை

மரியாதைக்குரிய மச்சான் சாதிக் பாஷா அவர்களுக்கு, ஏற்காடு மளிகைக் கடை ஷேக் தாவூத் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே அனைவரும் நலம். சேலத்தில் நீங்களும் அக்கா ரஹமத் பீவியும் மருமகன் ரியாஸும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். நீங்கள் நலமாகவும் நொம்பக் கோபமாகவும் இருப்பதாக அக்கா சொன்னாள். போன் செய்தால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம் எழுதி முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பந்து வருவதற்கு முன்பே ரியாஸ் கோலுக்கு முன்னால் ஹாயாகப் படுத்துக்கொள்ளும் வீடியோ சேலம் முழுக்கச் சுற்றுவது எனக்கும் தெரியும். மாநில ஜூனியர் ஹாக்கி அணியில் கோல்கீப்பராக வேண்டும் என்று அவன் வருடக்கணக்காக விடியலில் எழுந்து ஓடியதெல்லாம் பாழாகிவிட்டதே என்று நீங்கள் துடிப்பதும் தெரியும். அவனைப் படுக்கச் சொன்னது நான்தான். ஆனால் நீங்கள் பார்த்தது பாதிக் கதை.

எங்கள் எல்வின் அண்ணன் இந்த மலையிலிருந்து ஹாக்கி மட்டையோடு இறங்கி, மாநில அணிக்கு இருபது வருடம் பார்வர்டாக ஆடியவர். அவர் ஆட்டம் திருச்சியோ மதுரையோ, எங்கே நடந்தாலும் நான் கடையை அடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அப்படிப்பட்டவர் ஓய்வு பெறுகிறேன் என்றதும் ரசிகர்கள் எல்லோரும் கூடி, நம் மைதானத்தில் சேலம் அணியோடு ஒரு பிரிவு உபசார ஆட்டம் வைப்பது என்று முடிவு செய்தோம். கூட்டத்தில் தலைச்சோலை காப்பி விவசாயி ஐயாக்கண்ணுதான் எழுந்து, "ஏனுங்க, கடைசி ஆட்டம் ஆடறவரு நம்ம ஊட்டு விருந்தாளி மாதிரிங்க. விருந்தாளி இலையில இருக்கறத யாராச்சும் புடுங்குவாங்களா? அவருகிட்ட இருந்து பந்தப் புடுங்கறது பாவமுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நான்தான் பலமாகத் தட்டினேன். எல்வின் அண்ணனுக்குத் தெரியாமல் இரண்டு அணிக்கும் சொல்லிவைத்தோம். சேலம் கோல்கீப்பர் நம் ரியாஸ் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவன் முடியாது என்றான். "மாமா சொல்றேன், ஒரே ஒரு கோல் சாமி, வேற யாரும் பாக்கப் போறதில்ல" என்றேன்.

இந்த வாய்தான் மச்சான் என்னைக் கெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியதும் என் பக்கத்தில் மப்ளர் சுற்றிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். மிளகு வாங்க வந்த வியாபாரி என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். சும்மா குடிக்க விட்டிருக்கலாம். "கோல்கீப்பர் நம்ம அக்கா பையன்தானுங்க. எல்வின் அண்ணன் வந்தா விட்டுருவான், எல்லாம் பேசி வெச்சாச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து மைக்கில், மாநில ஜூனியர் அணித் தேர்வாளர் நம்மிடையே வந்திருக்கிறார், கோல்கீப்பர் ரியாஸின் ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே வந்திருக்கிறார் என்று அறிவித்தார்கள். மப்ளர்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேனே!

உடனே கோல் பக்கம் ஓடினேன். பனிமூட்டம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. கத்தினால் எல்வின் அண்ணன் காதில் விழும் என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து, விடாதே விடாதே என்று ஆட்டினேன். ரியாஸ் என்ன புரிந்துகொண்டானோ, தலையை ஆட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான். அதற்குள் எல்வின் அண்ணன் பந்தோடு வந்துவிட்டார். சேலத்துப் பையன்கள் தடுக்கவில்லை என்பதோடு நிற்கவில்லை மச்சான், "வாங்கண்ணா, இப்படி வாங்கண்ணா" என்று கல்யாண ஊட்டு வாசலில் நிற்பவர்கள் போல வழிவிட்டார்கள். ரியாஸ் படுத்தேவிட்டான். உங்கள் வீடியோ முடிவது இந்த இடத்தில்தான்.

எல்வின் அண்ணன் அடிக்கவில்லை. திறந்து கிடந்த கோலுக்கு முன்னால் பந்தை மட்டையால் அமுக்கிக்கொண்டு நின்றுவிட்டார். "ஏன் கண்ணு படுத்துட்ட?" என்று கேட்டார். "மாமா சொன்னாருங்க" என்றது பிள்ளை. அவர் துண்டும் கையுமாக நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். "தாவூத் பாய், இருபது வருசத்துல ஒரு கோலு எனக்கு யாரும் சும்மா குடுத்ததில்லீங்க. கடைசி நாளு எனக்குப் பிச்சையா போடறீங்க?" என்றார். பந்தை வெளியே அடித்தார். "இனிமே எவனாச்சும் வழி விட்டா நான் ஊட்டுக்குப் போயிருவேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவரைக் கொண்டாட வந்து அவமானப்படுத்திவிட்டேன், ரியாஸின் வாழ்க்கையிலும் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் மச்சான் ஆட்டம். மனுஷன் இருபது வயசுப் பையன் மாதிரி ஓடறாரு, மூணு பேரை ஏமாத்தறாரு, நம்ம ரியாஸ் காலால தடுக்கறான், கையால தள்றான், விழறான், எந்திரிக்கறான். கடைசி நிமிஷத்துல அண்ணன் திரும்பி அடிச்ச அடியை எங்க ஊருல யாரும் தடுத்திருக்க முடியாது. ரியாஸ் பாய்ந்து தடுத்தான்! கை தட்டுவதா அழுவதா என்று தெரியாமல் ரசிகர்கள் நின்றோம். அண்ணன் ரியாஸின் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டு, நாங்கள் வாங்கி வைத்திருந்த பூமாலைக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். தேர்வாளர் என்னிடம் வந்து, "டீ நல்லா இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை.

மச்சான், பிள்ளையைத் திட்டாதீர்கள், திட்டுவதை எல்லாம் எனக்கே அனுப்புங்கள். அக்காவுக்கு என் சலாம். ரியாஸ் மேல் படைத்தவன் கருணை காட்டட்டும், மாமன் யோசனைகளிலிருந்து அவனைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்க்கும் மச்சான்
ஷேக் தாவூத்

பி.கு.: கவரை ஒட்டும்போது எல்வின் அண்ணனே கடைக்கு வந்துவிட்டார். தேர்வாளர் அவருக்குப் போன் செய்தாராம், ரியாஸை முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். நான் கண்ணைத் துடைப்பதற்குள் அண்ணன் அடுத்த குண்டைப் போட்டார். "ஓய்வெல்லாம் இல்லீங்க பாய். அந்தப் பையன் மேல ஒரு கோல் போடாம நான் மட்டையக் கீழ வெக்க மாட்டேன்" என்கிறார். அதனால் மச்சான், நான் முன்பு சொன்னதையெல்லாம் மறந்துவிடச் சொல்லி ரியாஸிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: யார் சொன்னாலும், எத்தனை வருடமானாலும், அந்த மனுஷனை ஒரு கோல்கூடப் போட விடக் கூடாது.