எந்த மென்பொருள் நல்லது?

வேலையைத் தொடங்குமுன் கருவியைத் தேர்ந்தெடுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. சீசனுக்குக் குற்றாலம் வந்து, மெயினருவியில் கூட்டமா, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதா என்று ஆட்டோக்காரர் முதல் சிப்ஸ் கடைக்காரர் வரை விசாரித்து, வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டதும் நனையாத துண்டோடு ஊர் திரும்புகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மேலகரம் செந்தில்வேல் அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

செந்தில்வேல் இயன்முறை மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர். எண்ணெய்த் தேய்ப்பு மூட்டுவலியைக் குறைக்குமா என்று உலகத்தில் வந்த கட்டுரைகளையெல்லாம் திரட்டி, தேறுகிறதை மட்டும் சலித்தெடுத்து, ஒரு முடிவு சொல்வது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. மார்ச்சுக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அதற்காக அவசரப்பட முடியுமா? சலிப்பதற்கு நல்ல மென்பொருள் வேண்டாமா? ஒரு மென்பொருள் இரட்டிப்பாக வந்த கட்டுரையைத் தானே நீக்கும். ஆனால் அதன் பச்சை நிறம் கண்ணை உறுத்தும். இன்னொன்று அழகு; இலவசக் கெடு முடிந்ததும் பூட்டிக்கொள்ளும். மூன்றாவதைப் பற்றி ஒரு பிரேசில்காரர் யூடியூபில் உருகியிருந்தார். மொழி புரியவில்லை, உருக்கம் புரிந்தது.

"ஏதாவது ஒண்ண எடுத்து ஆரம்பிங்களேன்" என்றாள் மனைவி உமா மகேஸ்வரி.

"ஒனக்கு இதெல்லாம் புரியாதுட்டி."

ஆய்வு நெறியாளர் ஆவுடைநாயகம் போனில் கூப்பிட்டார். "எத்தன கட்டுரை வே படிச்சீரு?"

"மென்பொருள் கிட்டத்தட்ட முடிவாயிட்டு சார்."

"நான் கட்டுரையக் கேக்குதேன்."

"உள்ள ஏத்திட்டா வெரசா படிச்சிரலாம் சார்."

பிப்ரவரியில் அதே தலைப்பில் திருநெல்வேலியில் அபர்ணா என்பவரின் ஆய்வு அச்சில் வந்துவிட்டது. "இனி இந்தத் தலைப்ப வச்சு என்ன வே செய்யப் போறீரு? புதுசா எடுக்கவும் நாள் இல்ல" என்று நெறியாளர் போனை வைத்துவிட்டார். ஐந்து வருட உழைப்பு! செந்தில்வேலுக்குக் கண்ணீர் வந்தது, பொய்க் கண்ணீர் இல்லை. அபர்ணாவின் கட்டுரையைத் திறந்தார். முழுதாக அவர் படித்த முதல் கட்டுரை அதுதான். எண்ணெயும் மூட்டும் அவர் கண்ணில் படவில்லை. தேடியது கிடைக்காமல் அபர்ணாவுக்கே போன் போட்டார்.

"வாழ்த்துகள் மேடம். எந்த மென்பொருள் வச்சு சலிச்சீங்க?"

"ஏதோ ஒண்ணு சார். பேர் மறந்துட்டு."

மறந்துவிட்டதாம்! அந்த அம்மாளின் ஆய்வை எப்படி நம்புவது என்று செந்தில்வேல் இன்றும் ஆதங்கப்படுகிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. உங்களுக்கும் முடிக்க வேண்டிய வேலை ஒன்று கிடக்கிறது, முடித்துவிடுவீர்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அபர்ணா மறந்த அந்தப் பெயர் எதுவாக இருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லையா?