தோணிப் பாஸ் எடுத்த பொனட்

இயேசு மரி சூசை துணை

நாவற்குடா,
09.01.1998

மரியாதைக்குரிய ஜெயராஜா மச்சானுக்கும் அக்காவுக்கும் யாக்கோப்பு பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், பிலோமினா, மகள் செசீலியா மூவரும் சுகம். லண்டன் குளிர் உங்கள் இருவரையும் அதிகம் படுத்தாமல் இருக்க அந்தோனியாரிடம் மன்றாடுகிறோம். என்னை நம்பி நீங்கள் விட்டுப்போன மொறிஸ் மைனர் காரும் சுகம். அதன் பொனட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

வருகிற திங்கட்கிழமை செசீலியாவுக்குக் கலியாணம் என்று முன்பே எழுதியிருந்தேன். அக்கா தன் கலியாணத்தன்று எந்தக் காரில் கோயிலுக்குப் போய் இறங்கினாவோ அதே காரில்தான் தானும் போவேன் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிவருகிறாள். இந்தச் சண்டைக் காலத்தில் அவள் ஆசைப்பட்டதில் பாதியைக்கூட என்னால் செய்து கொடுக்க முடியவில்லை. இதையுமா முடியாது என்று சொல்வது? அந்த நினைப்பே என்னைத் தூங்க விடவில்லை, மச்சான்.

இப்படியிருக்க, பக்கத்து வீட்டு யோகராசா ஷெல்லடிக்குப் பதுங்கத் தன் வளவில் பங்கர் வெட்டிவிட்டு, மேலே மூட ஒன்றுமில்லை என்று வந்து நின்றார். "அண்ணன், உங்கட கார் சும்மாதானே நிக்கிது. பொனட்டக் கழட்டித் தாங்க, பலகை கிடைச்சதும் தாறன்" என்றார். உயிர்க் காரியம், எப்படி மறுப்பது? கொடுத்தேன். ஷெல்லுக்குப் பயந்து மூடிய பொனட்டின் மேல் ஷெல் விழவில்லை, அவருடைய தென்னையிலிருந்து ஒரு குலை தேங்காய் விழுந்தது. நடுவில் சோற்றுச் சட்டி வைக்குமளவு பள்ளம். ஏற்கெனவே கறள் தின்ற தகரம், தட்டி நிமிர்த்தினால் கையோடு வரும். யோகராசா அந்தத் தேங்காய்களில் பாதியை எனக்குக் கொடுத்து அனுப்பினார், நல்ல மனிதர்.

பொனட் இல்லாமலும் கார் ஓடும். ஆனால் இது மாரி. எஞ்சினில் நாலு துளி விழுந்தால் நடுத்தெருவில் நின்றுவிடுகிறது. அதோடு பிலோமினா, "வாயப் பிளந்த காரில பொண்ண அனுப்பினா மாப்பிள்ள வீட்டார் என்ன நினைப்பாங்க?" என்று காலையும் மாலையும் கேட்கத் தொடங்கினாள். அப்போதுதான் வாவிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பைபர் தோணி செய்கிற லூர்துவின் ஞாபகம் வந்தது. "முழுத் தோணியே செய்யிறன், ஒரு மூடி செய்யமாட்டனா? கொண்டுவாங்க" என்றான். பழைய பொனட்டின் மேல் பொலிஷ் பூசி, கண்ணாடி நார்ப்பாயை விரித்து, றெசின் பசை தடவிக் காயவைத்து உரித்தெடுத்தான். அருமையான வேலை. பள்ளமும் அப்படியே அச்சு அசலாக வந்திருந்தது. தேங்காய்க் காம்பு பட்ட கீறல்கூடத் தப்பவில்லை. "நீங்க தந்ததத்தான் நான் எடுத்தன், என்னில என்ன பிழை?" என்று அவன் கோபித்துக்கொண்டான்.

"மறுகா இன்னொரு அச்சு வேணாம், கண் பார்வையில செய்யிறன்" என்று அளவெடுத்துக்கொண்டு போனான். செய்தும் விட்டான். மச்சான், காலமெல்லாம் தோணி செய்த கை எதைச் செய்தாலும் தோணியாகத்தான் வரும் போலிருக்கிறது. முன்பக்கம் தோணியின் அணியம் போல் மேலே வளைந்து கூர்ந்திருந்தது. நடுவில் நீளமாக ஒரு முதுகெலும்பு. நுனியில் கயிறு கட்ட வளையம். முழுவதும் நீல நிறம். "வளையம் என்னத்துக்கு லூர்து?" என்று கேட்டேன். "கார் நிண்டுபோனா கட்டி இழுக்கலாமே அண்ணன்" என்றான்.

அதைக் கவிழ்த்து இருவரும் தலையில் சுமந்துகொண்டு வந்தபோது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். "தோணி பாஸ் எங்க?" என்றான் சிப்பாய். "தோணி இல்ல மாத்தயா, கார்ட மூடி" என்றேன். அவன் அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாவியில் இறக்கச் சொன்னார். இறக்கினோம். அன்னம் மாதிரி மிதந்தது. "மிதக்குதுதானே? அப்ப தோணி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். லூர்துவுக்கு அந்த இடத்திலும் பெருமை தாங்கவில்லை, "ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது ஐயா" என்கிறான்.

ஆக, கந்தோர் கந்தோராக அலைந்து என் பெயரில் தோணிப் பாஸ் எடுத்தாயிற்று. பொனட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை எழுத்தில் இலக்கமும் போட்டாயிற்று. காலை ஆறு மணி தொடக்கம் மாலை ஆறு மணிவரை அது வெளியே போய்வரலாம். இப்போது காரில் பொருத்திப் பூட்டியிருக்கிறேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கார் என்றே சொல்லலாம். மழையில் ஒரு துளி உள்ளே போகவில்லை. திங்கட்கிழமை செசீலியா ஒரு குறையுமில்லாத காரில், முழு மரியாதையோடு கோயிலுக்குப் போய் இறங்குவாள். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

மாதாவின் அடைக்கலம் உங்கள் வீட்டின்மேல் இருக்கட்டும். அக்காவை முழங்காலுக்குச் சூடாக ஒத்தணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மைத்துனன்,
யாக்கோப்பு

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட முடியாமல் போனதால் செவ்வாய்க்கிழமை இதையும் சேர்த்து எழுதுகிறேன். மேலே உள்ளதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நேற்று வாவியில் ஒரு தோணியும் இறங்கக் கூடாதென்று தடை. சாவடியில் பொனட்டின் இலக்கத்தைப் பார்த்து மறித்து, "கார் போகலாம், தோணி போக ஏலாது" என்றார்கள். மணப்பெண்ணை உள்ளே வைத்துக்கொண்டு நடுத்தெருவில் பொனட்டைக் கழற்றி மண்மூட்டையில் சாத்திவிட்டுப் புறப்பட்டோம். மழையும் பிடித்துக்கொண்டது. லூர்து முன் சில்லுக்கு மேலே மட்காட்டில் ஏறி இருந்து, பெண்ணுக்குப் பிடிக்க வைத்திருந்த குடையை எஞ்சினுக்குப் பிடித்தான். பிலோமினா முகத்தை மூடிக்கொண்டாள். செசீலியா கோயில் வாசல்வரை விழுந்து விழுந்து சிரித்தாள், அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் மச்சான், எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எஞ்சினைப் பார்த்து, நல்ல சாமான் என்றார்கள். பொனட்டைத் திரும்ப எடுக்கப் போனால் அங்கே இல்லை. இன்று தடை நீங்கியதும் யாரோ வாவியில் அதில் ஏறி இருந்து தூண்டில் போடுகிறார்களாம், யோகராசா கண்டிருக்கிறார். உங்கள் காருக்கு இப்போது பொனட்டே கிடையாது. ஆனால் பிள்ளை அதில்தான் போனாள்.